கோடை விடுமுறையும் பிள்ளைகளின் க்ஷேமமும்

(வேதாரண்யம் வட்டாரத்துக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



கடன், வட்டி, விதை, உரம் இவற்றைப் பற்றியே பேசிப் பழகிய இக்கூட்டத்தில், இன்று பிள்ளைகளைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல எனக்கு இடம் தந்தமைக்கு வந்தனம். இது சங்கத்தின் காரியந்தானா என்று சிலர் ஐயுறலாம். நெல்லும் உப்பும் மாம்பழமும் நாம் விளைவிப்பது யாருடைய நல்வாழ்வின் பொருட்டோ, அவர்களைக் காப்பதும் சங்கத்தின் காரியமே என்பது என் அபிப்பிராயம்.

மூடிய கதவைத் திறக்க அப்பரும், திறந்த கதவை அடைக்கச் சம்பந்தரும் பாடினார்கள் என்று வழங்கும் தலம் இது. இவ்வூரில் ஆண்டுதோறும் கோடையில் பள்ளிக்கூடத்தின் கதவு அடைபடும்போது, அதனோடு வேறு எவையெவை அடைபடுகின்றன என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். முதலாவது, உபாத்தியாயரின் கண்காணிப்பு. இரண்டாவது, உச்சிவேளையில் தலைக்கு மேல் இருந்த கூரை. மூன்றாவது, வேளை தவறாத உணவு. 1982-ல் தொடங்கிய சத்துணவும், 2022-ல் தொடங்கிய காலை உணவும் பள்ளி நடக்கும் நாட்களுக்கு உரியவை. இம்மூன்றும் ஒரே நாளில் நின்றுபோகின்றன. பெற்றோரோ உப்பளத்திற்கும், தோப்பிற்கும், கடலுக்கும், கூலி வேலைக்கும் விடியுமுன் புறப்பட்டு விடுகிறார்கள். கோடை மாதங்களே உப்பு விளையும் மாதங்கள் ஆதலால், அவர்களை வீட்டில் இருக்கச் சொல்வதற்கில்லை. ஆகவே, பள்ளி விட்ட இடத்தைச் சங்கம் ஏற்க வேண்டும் என்பதே நான் இன்று சொல்ல வந்த விஷயம்.

ஜலத்தினால் வரும் அபாயம்

கோடையில் பிள்ளைகளுக்கு நேரும் அபாயங்களுள் இதற்கே முதலிடம் கொடுக்கிறேன். 2021-ல் உலகம் முழுவதிலும் ஏறக்குறைய 3 லட்சம் பேர் ஜலத்தில் மூழ்கி இறந்தார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களுள் பெரும் பகுதியினர் சிறுவர்களும் இளைஞர்களுமே.

நம் பக்கத்தில் இவ்வபாயம் வரும் வழிகளைக் கவனியுங்கள். கோடையில் குளங்களையும் வாய்க்கால்களையும் தூர் வாருகிறோம். வண்டலும் மண்ணும் அள்ளுகிறோம். இடுப்பளவே ஆழமென்று பிள்ளை சென்ற ஆண்டு அறிந்திருந்த குளத்தில், இவ்வாண்டு நடுவே ஆளை விழுங்கும் பள்ளம் இருக்கிறது. ஒரு கோடைமழை பெய்தால் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. இறால் பண்ணைக் குட்டைகளின் கரையோ செங்குத்தானது, வழுக்குவது. விழுந்த பிள்ளைக்குப் பற்றி ஏறப் பிடிமானம் கிடைக்காது.

மற்றொன்று, விடுமுறைக்கு நம் பிள்ளைகள் மன்னார்குடி, தஞ்சாவூர்ப் பக்கத்து உறவினர் வீடுகளுக்குச் செல்கிறார்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ந் தேதி திறக்கப்படுவது. ஆனால் 2022-ல் மே 24-லேயே, அதாவது விடுமுறையின் நடுவிலேயே திறந்து விட்டார்கள். நேற்று மணலாய்க் கிடந்த ஆற்றில் இன்று வெள்ளம் இழுக்கிறது. கடைமடைக் குட்டையில் குளித்துப் பழகிய பிள்ளைக்கு ஓடும் ஜலத்தின் வேகம் தெரியாது. ஆதலால் பிள்ளையை அனுப்பும்போதே மாமனிடமும் அத்தையிடமும் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

மூழ்குகிற பிள்ளை கூச்சலிடும் என்று நம்பியிருக்கலாகாது. பெரும்பாலும் சத்தமே கேட்பதில்லை. சில நிமிஷங்களில் காரியம் முடிந்து விடுகிறது. ஆகையால் கேட்டு ஓடுவது பயன்படாது. பார்த்துக்கொண்டே இருப்பதுதான் காவல். பத்து வயது அக்காள் ஐந்து வயது தம்பிக்குக் காவலாக மாட்டாள். நீந்தத் தெரியாதவர் காப்பாற்றக் குதித்தால் இரண்டு உயிர் போகும். கயிறோ, வேஷ்டியோ, மூங்கிலோ, மூடிய காலி டப்பாவோ எறிந்து இழுக்க வேண்டும். எடுத்த பிள்ளையைத் தலைகீழாய்ப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் தவறு. மூச்சு இல்லையேல் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, மார்பின் மத்தியை விடாமல் அழுத்த வேண்டும். ஒருவர் இதைச் செய்யும்போதே மற்றொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். இம்முறையை ஊருக்கு நாலு பேராவது சுகாதார ஊழியரிடம் நேரில் கற்றுக்கொள்வது அவசியம்.

கற்பிக்க வல்லவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கீழைக்கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. பள்ளி விடுமுறையும் ஏறக்குறைய அதே காலம். கடலை அறிந்த மீனவர் சகோதரர்கள் பலர் கரையில் இருக்கும் அந்நாட்களில், அவர்களைக் கொண்டு ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, ஆழம் அளந்த குளத்தில், பெண் பிள்ளைகள் உட்பட, நீச்சல் கற்பிக்கலாம்.

உஷ்ணமும் வயிற்றுப்போக்கும்

நம்முடையது கடற்கரைப் பிரதேசம். காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை எளிதில் உலர்வதில்லை. ஆகையால் தேகத்தின் சூடு தணிவதில்லை. அக்கினி நட்சத்திரக் காலத்தில் பகல் 11 மணி முதல் 3 மணி வரை பிள்ளைகள் நிழலில் இருக்க வேண்டும். உப்புப் பாத்தியில் தரையின் வெண்மையும் கண்ணைக் கூசச் செய்யும். ஒதுங்க நிழலும் அருமை. பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லலாகாது. நீர்மோரும் நுங்கும் கஞ்சியும் தாராளமாய்க் கொடுங்கள். பிள்ளையின் தேகம் நெருப்பாய்ச் சுட்டு, பேச்சுக் குழறினாலோ, வலிப்புக் கண்டாலோ, துணியைத் தளர்த்தி, உடம்பெங்கும் ஜலம் விட்டு விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். நினைவு தெளிவில்லாதபோது வாயில் எதுவும் ஊற்றலாகாது.

வயிற்றுப்போக்குக்கு மருந்து நம் ஊர் விளைச்சலிலேயே பாதி இருக்கிறது. 1971-ல் வங்காள எல்லையில், பங்கான் என்னும் ஊரின் அகதி முகாமில் காலரா பரவிற்று. நரம்பு வழி ஏற்றும் மருந்து போதாமற் போகவே, டாக்டர் திலீப் மகலனாபிஸ் குளுக்கோஸும் உப்பும் சோடா உப்பும் கலந்த ஜலத்தை நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துக் குடிப்பிக்கச் செய்தார். சாவு வெகுவாய்க் குறைந்தது. அந்த முறையே இன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலமாய் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கிறது. அது கைக்கு வரும்வரை, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய ஜலத்தில், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாய்க் கொடுங்கள். உப்பு அளவுக்கு மிஞ்சினால் அதுவே தீங்கு. ஆகவே அளவு தப்பலாகாது.

விஷக்கடி

வெக்கைக்கு அஞ்சித் திண்ணையிலும் தரையிலும் படுக்கும் காலம் இது. கட்டுவிரியன் இரவில் படுத்திருப்போரைக் கடிப்பது. கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் தெரியாமலே இருப்பதுண்டு. பிள்ளைகளைக் கட்டிலில், கொசுவலையைச் செருகிப் படுக்க வையுங்கள். கடிபட்டால் கட்டுப் போடுவதும், கீறுவதும், மந்திரிப்பதும் காலத்தை வீணாக்கும். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். அம்மருந்துக்கு வேண்டிய விஷத்தைச் சேகரித்துத் தருவதில் முன்நிற்பது, 1978-ல் மாமல்லபுரத்திற்கு அருகே தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நம்மைப் போன்ற ஒரு சங்கத்தார் தேசத்தின் உயிரையே காக்கிறார்கள் என்றால், நம் ஊர்ப் பிள்ளைகளை நாம் காக்க முடியாதா?

சங்கம் செய்யத் தக்கவை

வங்காள தேசத்துக் கிராமங்களில், தாய் வேலையில் மூழ்கியிருக்கும் காலை 9 மணி முதல் பகல் 1 மணி வரை, சிறு குழந்தைகளை ஒரு வீட்டில் சேர்த்துப் பயிற்சி பெற்ற பெண்மணி ஒருவர் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டினால் குழந்தைகள் மூழ்கிச் சாவது பெரிதும் குறைந்தது. அதற்குப் பெரிய கட்டடமோ யந்திரமோ தேவைப்படவில்லை. அதை ஒட்டி நான் சொல்லும் யோசனைகள் இவை:

1. விடுமுறை தொடங்குமுன் அங்கத்தினர் இருவர் ஊரின் குளம், குட்டை, பள்ளம், மூடாத கிணறு யாவற்றையும் நடந்து பார்த்து ஜாபிதா எழுத வேண்டும். தூர் வாரிய இடத்தில் முள்வேலியும் ஆழம் காட்டும் கொம்பும் நட வேண்டும்.

2. குளிக்கும் துறை ஒவ்வொன்றிலும் கயிறும் மூங்கிலும் எப்போதும் இருக்க வேண்டும்.

3. சங்கத்துக் கிட்டங்கித் தாழ்வாரத்தைப் பகல் 11 முதல் 3 வரை பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும். பானையில் ஜலம், சில புஸ்தகங்கள், ஒரு வேளைக் கஞ்சி அல்லது சுண்டல் போதும். தாய்மார் இருவர் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அவர்களுக்கு அன்றைய கூலி நஷ்டமாகாதபடி, துணை விதிகள் இடங்கொடுக்கும் அளவில், பொது நன்மை நிதியிலிருந்து கொடுக்கலாம்.

4. ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் சங்க அலுவலகத்தில் இருப்பு இருக்க வேண்டும்; அவசர எண்களைச் சுவரில் பெரிதாய் எழுத வேண்டும்.

அங்கத்தினர்களே! 1930-ம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடும் வெயிலில், திருச்சியிலிருந்து நடந்து வந்த தொண்டர்களோடு ராஜாஜி உப்பெடுத்த மண் இது. அவ்வளவு பெரிய காரியத்தை இன்று யாரும் உங்களிடம் கேட்கவில்லை. இரண்டு மாத காலம், நாளொன்றுக்கு நாலு மணி நேரம், ஊர்ப் பிள்ளைகள் மீது ஒரு பெரியவரின் கண் இருக்க வேண்டும் என்பதே கேட்பது. கடன் பாக்கி வந்தால் வசூலிக்க வழியுண்டு. மகசூல் போனால் அடுத்த போகத்தில் பார்த்துக்கொள்ளலாம். பள்ளி திறக்கும் நாளில் ஆஜர் புஸ்தகத்தில் ஒரு பெயருக்குப் பதில் வராமற் போனால், அதற்கு ஈடு செய்ய எந்தச் சங்கத்தாலும் ஆகாது. அன்று எல்லாப் பெயர்களுக்கும் பதில் வரும்படி, இன்றே, இக்கூட்டத்திலேயே, தீர்மானம் செய்யும்படி கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.