கிளாரிந்தா இட்ட அத்திவாரம்



ஊவாத் தோட்டங்களிலுள்ள சிற்றாலயங்களில் மணியடிப்பதும், பாய் விரிப்பதும், பாட்டைத் தொடக்கிக் கொடுப்பதும் பெரும்பாலும் பெண்களே. கிழமை முழுவதும் கொழுந்துக் கூடையோடு மலையேறி இறங்கியவர்கள் அவர்கள். ஆனால், "சபைக்குத் தலைவர் யார்?" என்று கேட்டால், அவர்களே ஓர் ஆணின் பெயரைத்தான் சொல்வார்கள். பதுளைப் பக்கத்தில் பல ஆண்டுகளாக நான் கண்டது இது. ஆகையால்தான் இன்று கிளாரிந்தாவைப் பற்றிப் பேச விரும்பினேன்.

கிளாரிந்தா பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். தஞ்சாவூரில் வாழ்ந்த மராட்டியப் பிராமணக் குடும்பத்துப் பெண், இளம் விதவை. உடன்கட்டை ஏற இருந்தவரை லிட்டில்டன் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி காப்பாற்றினார் என்பது வழிவழியாக வரும் கதை. அவருடன் பாளையங்கோட்டைக்கு வந்த கிளாரிந்தா, அவரிடமே கிறிஸ்தவ சமயத்தைக் கற்றார். ஆயினும், ஞானஸ்நானம் கேட்டபோது சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். மணம் முடிக்காமல் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள் என்பதே காரணம். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778இல், அதே சுவார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் கொடுத்தார்.

சாதியும் உறவும் கைவிட்ட பெண். சபையும் வாசலில் காக்க வைத்த பெண். இப்படிப்பட்டவர் என்ன செய்வார்? ஒதுங்கிப் போயிருக்கலாம். கிளாரிந்தாவோ சிதறிக் கிடந்த விசுவாசிகளை ஒன்றுசேர்த்தார். 1780இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் நாற்பது பேர் இருக்கிறார்கள். முதற்பெயர் கிளாரிந்தா. அவர் முன்னின்று கட்டிய ஆலயத்தை 1785இல் சுவார்ட்ஸ் ஐயர் பிரதிஷ்டை செய்தார். ஊரார் அதைப் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்றே அழைத்தார்கள். சபைக்குப் போதகர் வேண்டுமென்று தஞ்சாவூர் வரை சென்று கேட்டவரும் அவரே. பின்னர் அங்கே பணியாற்ற வந்த சத்தியநாதன் 1790இல் குருப்பட்டம் பெற்றார். கேட்டு வாங்கிய பெண்ணுக்குப் பட்டம் ஏதும் இல்லை.

இந்த வாழ்வை அ. மாதவையா 1915இல் 'கிளாரிந்தா' என்று ஆங்கில நாவலாக்கினார். பின்னர் அது தமிழிலும் வந்தது. கிறிஸ்தவரல்லாத ஒருவர் அப்பெண்ணின் பெருமையை எழுத முன்வந்தது கவனிக்கத்தக்கது.

இதற்கும் எங்கள் மலைநாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். 1854இல் 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கியபோது, கோப்பித் தோட்டங்களுக்கு உபதேசியார்கள் திருநெல்வேலியிலிருந்தே வந்தார்கள். கிளாரிந்தா நட்ட சபையின் கிளைதான் கடல் கடந்து இந்த மலைகளில் ஊன்றியது. எங்கள் தோட்டத்து ஜெபவீடுகளின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், ஒரு விதவையின் வாசலில் போய் நிற்போம்.

2013இல் தென்னிந்தியத் திருச்சபையில் புஷ்பலலிதா நந்தியால் பேராயரானார். அச்சபையின் முதற்பெண் பேராயர் அவர். கிளாரிந்தாவின் ஞானஸ்நானத்திலிருந்து எண்ணினால் 235 ஆண்டுகள். மெதுவான நடைதான்.

நேயர்களே, பட்டம் கொடுப்பது பெரியவர்கள் காரியம். பெயரைப் பதிவது நம்மால் முடியும். ஒவ்வொரு தோட்டத்திலும் ஆலயத்துக்குக் கல் சுமந்த, பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த, சபையைக் கலையாமல் காத்த பாட்டிமார் இருந்திருக்கிறார்கள். அவர்களை அறிந்தவர்கள் உயிரோடிருக்கும்போதே, ஒரு கொப்பியில் அவர்கள் பெயர்களை எழுதி வையுங்கள். பாளையங்கோட்டையில் ஒரு பதிவேடு இருந்தபடியால்தான் கிளாரிந்தா இன்று நமக்குக் கிடைத்திருக்கிறார்.