மன்றமும் மறைவும்
(திருப்பத்தூரில் தமிழ் மாணவரிடையே ஆற்றிய உரை)



மாணவர் மன்றம் என்றவுடன் ஆண்டு விழாவும் பொன்னாடையுமே இற்றை நாளில் நினைவுக்கு வருகின்றன. மன்றங்களின் தொடக்கமோ வேறு.

1776 திசம்பர் 5ஆம் நாள், அமெரிக்க வர்சீனியாவின் வில்லியம்-மேரி கல்லூரி மாணவர் ஐவர், ‘பை பீட்டா காப்பா’ என்னும் மூன்று கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட குழுவைத் தொடங்கினர். உறுதிமொழி, மறைகுறி, கைகுலுக்கும் முறை யாவும் கமுக்கம். உள்ளே நடந்ததோ கட்டுரை படித்தலும் சொற்போரும்! ஆசிரியர் செவிக்கு எட்டாது அஞ்சாமல் ஆய்வதற்கே மறைவு வேண்டப்பட்டது. 1781இல் போர் நெருங்கவே தாய்க்குழு மூடப்பட்டது. ஆயினும், 1779இலேயே ஏல், ஆர்வர்டு கல்லூரிகளுக்கு உரிமையோலை வழங்கியிருந்தமையால் மரபு அறவில்லை. ஆர்வர்டுக் கிளை 1831இல் கமுக்கத்தைக் கைவிட்டது. மறைவு நீங்கியது, கல்வி நின்றது.

நம் நாட்டிற்கு வருவோம். 1943இல் குடந்தை அரசினர் கல்லூரி விடுதியில் பார்ப்பன மாணவர்க்கு ஒரு தண்ணீர்ப் பானை; ஏனையோர்க்கு வேறொரு பானை. ஒரே வகுப்பில் ஒரே நூலைக் கற்றவர்க்கு ஒரே பானையில் நீர் மொள்ள உரிமையில்லை! அவ்வேறுபாட்டை எதிர்த்தெழுந்த கிளர்ச்சியிற் பிறந்ததே திராவிட மாணவர் கழகம். அவர்கள் மறைவிடம் தேடினரல்லர். 1944இல் அக்குடந்தையிலேயே மாநாடு கூட்டினர். அதற்குச் சற்று முன்னரே, திருவாரூர்ப் பள்ளி மாணவராயிருந்த கருணாநிதி ‘மாணவ நேசன்’ என்னும் கையெழுத்திதழை நடத்தினார். அச்சுப்பொறியில்லை, பொருளில்லை, எனினும் எழுதியதை ஊரறியக் கொடுத்தார்.

இழிவு வெளிப்படையாய் நிற்கும்போது எதிர்ப்பும் வெளிப்படையாய் நிற்றல் வேண்டும். அச்சம் சூழ்ந்தவிடத்து மறைவு சிறிது காலம் காப்பாகலாம். அதுவே இயல்பாகிவிடின் அறிவு தேயும். இவ்வட்டாரத்தார்க்கு நான் சொல்ல வேண்டுவதில்லை: பதனிடாத தோல் அழுகும். மறுப்பில் ஊறாத கருத்தும் அத்தகையதே. இற்றைப் புலனக் குழுக்களைப் பாருங்கள். ஒத்த கருத்தினர் ஒருவரையொருவர் பாராட்டுகின்றனர். மாறுபட்டுப் பேசுபவன் அக்கணமே நீக்கப்படுகிறான். கதவடைத்து முழங்குவதால் தமிழ் வளராது!

பெருநகரில்லையே, பெருநூலகமில்லையே எனத் தயங்காதீர். மு. வரதராசனார் இத்திருப்பத்தூர் நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராயிருந்தவர். பள்ளிப் பணிக்கிடையே தாமே பயின்று பட்டம் பெற்று, 1939இல் பச்சையப்பன் கல்லூரிக்குச் சென்றார். அவர் விளக்கெரித்துப் படித்த ஊர் இது.

ஆகவே, திங்களுக்கு இருமுறை கூடுங்கள். ஒருவர் கட்டுரை படிக்க, இருவர் மறுத்துரைக்கட்டும். தோற்றவரையும் பெயர் சுட்டிக் குறிப்பேட்டில் எழுதுங்கள். கையெழுத்திதழொன்று நடத்துங்கள். கதவைத் திறந்தே வையுங்கள். உங்கள் தமிழ் உரமுடையதாயின், உள்ளே வரும் எதிராளியும் அதனைக் கற்றே திரும்புவான்.

வாழ்க தமிழ்! வளர்க மாணவர் மன்றம்!