கொச்சி யூதர்களும் முன்னோர் தேசமும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

 

முன்னோர் தேசத்தை எக்காலத்தும் மறவாத ஒரு சமூகத்தாரைக் குறித்துச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். அவர்கள் கொச்சியில் பன்னூற்றாண்டுகள் வாழ்ந்த யூதர்கள்.

ஏறக்குறைய கி.பி. 1000-இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு வட்டெழுத்தில் பொறித்த செப்பேடு ஒன்றை அளித்தான். பகல்விளக்கு, பாவாடை, குடை, பல்லக்கு முதலாய 72 உரிமைகள் அவனுக்கும், அவனுடைய ஆண்மக்களுக்கும், பெண்மக்களுக்கும், மருமக்களுக்கும் உரியவாயின. இத்துணை மேன்மை பெற்றும் அவர்கள் எருசலேமை மறந்தாரில்லை. தம் ஜெப ஆலயங்களில் வேதச்சுருள் வைக்கும் பேழையை மேற்றிசையில் அமைத்து, அந்நகரை நோக்கியே தொழுது வந்தனர். மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த பரதேசி ஜெப ஆலயம் இன்றும் நிற்கிறது.

ஆயினும் அவ்வாலயத்தில் ஒரு பெருங்குறை நெடுங்காலம் இருந்தது. அடிமைத்தளையினின்று விடுபட்டோரின் சந்ததியார், வேதமும் விரதமும் ஒன்றாயிருந்தும், உள்ளே சரியாசனம் பெற்றிலர். அவ்வகுப்பிற் பிறந்து வக்கீலாய் விளங்கிய ஏ. பி. ஸாலேம் (1882–1967) என்பார், காந்தியடிகளின் சத்தியாக்கிரக முறையைக் கைக்கொண்டு அவ்விலக்கைத் தளரச் செய்தார்.

1948-இல் இஸ்ரேல் தேசம் அமைந்தது. கொச்சி யூதர் பலர் உடைமைகளை விற்றுவிட்டுப் பிரயாணத்திற்குக் காத்திருந்தனர். யானைக்கால் நோய் பரவுமென்று அந்நாட்டுச் சுகாதார அதிகாரிகள் அஞ்சியமையால் தாமதம் நேர்ந்தது. அப்பொழுது ஸாலேம் அவர்களே அங்குச் சென்று தம்மவர்க்காகப் பரிந்து பேசினார். அதன்பின் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் கடல் கடந்தனர். நெகேவ் வனாந்தரத்தில் நெவாதிம் என்னும் ஊரில் குடியேறியோர் பாலை நிலத்தைத் திருத்திப் பயிரிட்டனர். ஸாலேமோ கொச்சியிலேயே தங்கி உயிர்நீத்தார்.

நிற்க. முன்னோர் தேசத்தை அடைந்தபின் அவர்கள் உள்ளம் மலையாள நாட்டை நாடியது. அவர்கள் குலப் பெண்டிர், விவாகப் பாடல்களையும் வேதக் கதைப் பாடல்களையும் மலையாளத்தில் பாடி, கையெழுத்துப் பிரதிகளில் எழுதித் தலைமுறைதோறும் ஒப்புவித்து வந்தனர். அக்குறிப்பேடுகளும் அவர்களோடு கடல் கடந்தன. எபிரேயமே பேசி வளர்ந்த பேரப் பிள்ளைகளுக்கு அவை விளங்கவில்லை. முதிய பெண்மணிகள் உயிரோடிருந்தமையால் ஆராய்ச்சியாளர் அவற்றைக் கேட்டுத் திரட்டி அச்சேற்ற முடிந்தது.

இவ்வரலாற்றால் நாம் அறியத்தக்கவை இரண்டு. அரசன் தந்த விருதுகள் அரசோடு போயின. பாட்டிமார் எழுதிவைத்த பாட்டோ குடும்பத்தோடு நின்றது. ஆதலால் நம் இல்லங்களிலும் முதியோர் வாய்மொழியை அவர்கள் இருக்கும்போதே எழுதிவைத்தல் வேண்டும். மற்றொன்று: ஒரே திசை நோக்கித் தொழுவோருள் ஒரு சாராரை வாயிலில் நிறுத்துவது குலத்திற்குப் பெருமையாகாது. நம்முள் கிளை வேற்றுமை பாராட்டுவோர் இதனைச் சிந்திப்பாராக.