சேறு வைத்திருக்கும் கணக்கு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"கெமிஸ்ட்ரி படிச்சிட்டு என்னப்பா பண்றே?" என்று உறவினர்கள் கேட்டால், "ஆத்துச் சேறு அள்றேன்" என்பேன். சிரிப்பார்கள். ஆனால் விஷயம் சிரிப்புக்குரியதல்ல.

பாலாற்றையே எடுத்துக்கொள்வோம். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டையில் தோல் பதனிடக் குரோமிய உப்பு பயன்படுகிறது. கழிவோடு ஆற்றுக்கு வந்த குரோமியத்தில் பெரும்பகுதி களிமண்ணோடு ஒட்டி அடியில் தங்கிவிடும். தண்ணீர் அன்றைய கணக்கைத்தான் சொல்லும்; பல வருஷக் கணக்கு சேற்றில்தான் இருக்கிறது. தோல் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் மறுபடியும் அதே பாலாற்றுக்காகத் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

சோதனை எப்படி? சேற்றைப் பிளாஸ்டிக் கரண்டியால் அள்ளி, 63 மைக்ரான் சல்லடையில் சலிப்போம். உலோகம் நுண்துகளில்தான் அதிகம் ஒட்டும். பிறகு அமிலத்தில் கரைத்து, அணு உறிஞ்சல் கருவியில் அளப்போம்.

கருவி சொல்வது மொத்த அளவு மட்டும். அதில் உயிருக்கு எட்டுவது எவ்வளவு? மூவிணைதிறக் குரோமியம் எளிதில் கரையாது. அறுவிணைதிறக் குரோமியம் கரையும், நஞ்சும் அதிகம். இதைக் கருவியிடம் மட்டும் கேட்டால் போதாது, புழுவிடமும் கேட்கவேண்டும். மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், ரத்தச் சிவப்பாக இருக்கும் கைரோனோமஸ் புழு. சந்தேகச் சேற்றிலும் சுத்தமான சேற்றிலும் 10 நாள் வளர்த்து, எத்தனை பிழைத்தன, எவ்வளவு எடை கூடின என்று ஒப்பிடுவோம். மோசமான தண்ணீரிலும் சமாளிக்கிற புழு அது. அதுவே செத்தால், மீன்குஞ்சின் கதியை நான் சொல்லவேண்டியதில்லை.

இன்னொன்று. காற்றுப்படாத சேற்றில் காட்மியமும் துத்தநாகமும் சல்ஃபைடாகக் கட்டுண்டு கிடக்கும். தோண்டி வெளியே போட்டால் காற்றுபட்டுக் கட்டு அவிழும். ஏரி வண்டலை வயலுக்கு அடிப்பது நம் முன்னோர் கண்ட நல்ல வழக்கம்தான். ஆனால் ஆலைக்கழிவு பாய்ந்த ஏரியென்றால், வண்டி கட்டுமுன் ஒரு பிடி மண்ணைச் சோதித்தாக வேண்டும்.

தம்பி தங்கைகளே! அளப்பது வேதியியல், புழு வளர்ப்பது விலங்கியல். இரண்டு துறையும் நம்ம கல்லூரியிலேயே இருக்கு. சேர்ந்து உங்க ஊர் ஏரியிலிருந்து ஆரம்பிங்க. அந்த விவசாயி உங்களைக் காலத்துக்கும் மறக்கமாட்டார்.