இருளிற் பறந்த இருவர்



இரவு வானிற் பகைவனைத் தேடவென அமெரிக்கக் கடற்படை செய்வித்த விமானமே டக்ளஸ் ஸ்கைநைற். 1948 மார்ச் 23இல் அது முதன்முதற் பறந்தது. விமானந்தாங்கிக் கப்பலுக்கென அமைந்ததாயினும், கொரியப் போரில் 1952 முதல் தரைத் தளத்திலிருந்தே பி-29 குண்டுவீச்சு விமானங்களுக்கு இரவுக் காவலாய்ச் சென்றது. வேகத்தில் மிக்-15க்குப் பின்னிட்டது. பருத்த உருவினால் 'திமிங்கிலம்' எனப் பட்டமும் பெற்றது.

அதன் வலிமை யாது? விமானியும் றேடார் பார்ப்பவரும் அருகருகே அமர்ந்தனர்; ஒருவர் கண், மற்றவர் கை. ஆபத்து நேரின் எறிந்து காக்கும் ஆசனமில்லை. அடிப்புறச் சுரங்கவழியே ஒருவர்பின் ஒருவராக வழுக்கி வெளியேறல் வேண்டும்.

260க்கு மேற் கட்டப்பட்டவற்றுள் எஞ்சிய சில, புளோரிடாவின் பென்சகோலா முதலிய இடங்களிலுள்ள நூதனசாலைகளில் நிற்கின்றன. போரை நாம் போற்றோம். அருகிருந்தவரை நம்பி இருளிற் புகுந்தோரை மறவோம்.