‘நான்’ என்பது எது?



அர்ச்சனைத் தட்டை வாங்கும் குருக்கள் முதலில் கேட்பது பெயரையும் நட்சத்திரத்தையும்தான். அவ்விரண்டும் இவ்வுடம்பைப் பற்றியவை. அவற்றை நீக்கிவிட்டால் சந்நிதியில் நிற்பவர் யார்?

1896ஆம் ஆண்டு மதுரையில், மீனாட்சியம்மன் கோயிலுக்கு அருகிலுள்ள ஒரு வீட்டு மாடியில், வேங்கடராமன் என்னும் 16 வயது மாணவரைத் திடீரென மரண பயம் பற்றியது. நோய் ஒன்றுமில்லை. அவர் எவரையும் உதவிக்கு அழைக்கவில்லை. பிணம்போல் விறைத்துப் படுத்து, உடம்பு இறந்தால் தாமும் இறப்பதுண்டோ எனத் தமக்குள்ளேயே ஆராய்ந்தார். உடம்பு அழியினும் அழியாத ஒன்றாகத் தம்மை உணர்ந்தார்; அச்சம் அன்றோடு நீங்கிற்று. சில வாரங்களில் திருவண்ணாமலை சேர்ந்த அவரே பின்னாளில் இரமண மகரிஷி எனப் போற்றப்பெற்றார்.

1902இல் அவரை நாடிச் சென்ற சிவப்பிரகாசம் பிள்ளை வருவாய்த் துறை அலுவலர். ‘நான் யார்?’ என்பதே அவர் கேட்ட முதல் வினா. மகரிஷி அக்காலத்தில் பேசாதிருந்தமையால் விடைகளை எழுதிக் காட்டினார். உடம்பு, புலன், மூச்சு, எண்ணம் என ஒவ்வொன்றையும் ‘நான் அன்று’ என விலக்கிச் செல்லும் அவ்விடைகள் 1923இல் நூலாயின.

இங்கே சைவ அன்பர்க்கு ஓர் ஐயம் எழும். தனி ‘நான்’ இல்லையாயின், தைப்பூசத்தன்று காவடி எடுப்பவர் யார்? கண்ணீர் மல்க முறையிடுபவர் யார்? ஐயம் நியாயமானதே. சங்கரர் வேதாந்தமும் சைவ சித்தாந்தமும் இவ்விடத்தில் வேறுபடுகின்றன. இரண்டும் ஒன்றே என்று மேடையில் பூசி மெழுகுதல் தகாது. 13ஆம் நூற்றாண்டினரான மெய்கண்டார், 12 சூத்திரங்களால் அமைந்த சிவஞான போதத்தில், உயிர் உண்டு என்றே நிறுவுகிறார். அத்துவிதம் என்னும் சொல் இரு பொருள் இல்லை எனக் கூற வந்ததன்று. அவை வேறாகப் பிரிந்து நிற்றலையே மறுக்க வந்தது என்பது அவர் கொள்கை.

கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டு. ஆயினும் ஞாயிற்றின் ஒளி கலவாவிடில் அது எதனையும் காணாது. ‘நானே கண்டேன்’ எனக் கண் கூறுமாயின் அது பாதி உண்மை. அப்பாதியை முழுமையெனக் கொள்ளச் செய்வதே ஆணவம். எங்கும் விரியத்தக்க உயிரை அணுவாகச் சுருக்குவதால் அதற்கு அப்பெயர். செருக்கு மட்டுமே ஆணவம் என எண்ணுவோர் பலர். ‘என்னை ஒருவரும் மதிப்பதில்லை’ என்று மனம் புழுங்குவதும் அதுவே. விழாவில் மற்றொருவர்க்குப் பொன்னாடை போர்த்தும்போது நெஞ்சின் ஓரத்தில் தோன்றும் சிறு வெம்மை யாருக்குத் தோன்றுகிறது என்று உடனே வினவிப் பார்க்கலாம். மகரிஷி காட்டிய வழியும் அதுதான்.

கொடிமரத்தை அடுத்த பலிபீடத்தில் ஆணவத்தைப் பலியிட்டு உள்ளே செல்க என்பர் பெரியோர். பலர் அங்கே ஒரு நொடியும் நிற்பதில்லை. நின்று விட்டுச் சென்றவர்களிலும், திரும்பும் வழியில் மறவாது எடுத்துச் செல்வோர் உளர்! வியப்பதற்கில்லை. முத்தியிலும் ஆணவ மலம் அழிவதில்லை, அதன் வலிமையே ஒடுங்குகிறது என்பது சித்தாந்தத் துணிபு.