விளைவில் பங்கு, இழப்பிலும் பங்கு

(பென்னாகரத்தில் உழவரும் நுகர்வோரும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



'வேளாண்மை' என்றால் பயிர்த்தொழில் என்றே இன்று பொருள் கொள்கின்றோம். திருவள்ளுவரோ விருந்தோம்பலில் அச்சொல்லைப் பிறர்க்கு உதவுதல் என்னும் பொருளில் ஆண்டார். உழவர் நமக்கு வேளாண்மை செய்கின்றனர். நாம் அவர்க்குச் செய்யும் வேளாண்மை யாது?

நம் மாவட்டத்தில் தக்காளி விலை வீழ்ந்தபோதெல்லாம், பறிகூலிக்கும் கட்டாதென்று பழங்கள் செடியிலேயே அழுக விடப்பட்டன. உண்போர் கொடுப்பதற்கும் உழவர் பெறுவதற்கும் இடையே அத்துணைத் தொலைவு!

அத்தொலைவைக் குறைக்கவே 14-11-1999 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அடையாள அட்டை பெற்ற உழவரே அங்கு விற்கலாம். கடைக்கு வாடகை இல்லை. மொத்த விலைக்கு மேலாகவும் வெளிக்கடை விலைக்குக் கீழாகவும் நாள்தோறும் விலை குறித்துப் பலகையில் எழுதுவர். நம் பென்னாகரத்திலும் அத்தகைய சந்தை உண்டு. மிக நன்று. எனினும், தரகரை விலக்கிய சந்தை இழப்பை விலக்கவில்லை. மழை பொய்த்து விளைவு இழந்தவர் சந்தைக்கே வருவதில்லை; அவர் ஏன் வரவில்லையென நாமும் கேட்பதில்லை.

சப்பான் நாட்டில் 1970-களில், நஞ்சு கலந்த உணவுக்கு அஞ்சிய இல்லத்தரசியர் உழவரை நேரே நாடினர். அவ்வுறவுக்குத் 'தெய்க்கெய்' என்று பெயர். நஞ்சின்றி விளைவிப்பது உழவர் கடன்; விளைந்ததை ஏற்பது உண்போர் கடன்; விலையை இருவரும் கலந்து பேசுவர். அமெரிக்காவிலோ 1986 அளவில் தொடங்கிய முறைப்படி, விதைப்புக்கு முன்னரே உண்போர் பங்குப்பணம் கட்டுகின்றனர். விளைச்சல் குறைந்தால் கூடையும் குறையும், பணம் திரும்பாது.

நான் திங்கள்தோறும் ஊதியம் பெறும் ஆசிரியன். மழை பெய்யினும் பொய்ப்பினும் அதில் ஒரு காசும் குறைவதில்லை. அத்தகைய நான், கீரை விற்ற அம்மையாரிடம் கட்டுக்கு இரண்டு உருபா குறைக்கச் சொல்லி வழக்காடியிருக்கின்றேன்! நினைக்க நாணமாயிருக்கின்றது.

ஊதியம் பெறுவோர் பத்து இல்லத்தார் சேர்வோம். வானம் பார்த்த நிலமுடைய உழவர் ஒருவர்க்குக் கேழ்வரகு, சாமை, அவரைக்கென விதைப்புக்கு முன்பே பணம் தருவோம். மருந்து தெளிக்க நேர்ந்தால் அவர் மறையாது சொல்லட்டும். விளைந்தால் பங்கிடுவோம், விளையாவிடின் கணக்குக் கேளோம். அவ்வாண்டு நமக்கும் கேழ்வரகு கடையில்தான். இது கொடையன்று, ஐயா! நம் சோற்றுக்கு நாம் ஏற்கும் பொறுப்பு.

ஏடொன்று கொணர்ந்துள்ளேன். முதற்பெயர் என்னுடையது. கீழே ஒன்பது வரிகள் வெறுமையாய் உள்ளன. அவை கலையுமுன் எழுதுகோலோடு வருக.